மேசைமேல் ஆறு தட்டு

2 மே 1926, ஞாயிறு

காலையிலிருந்து வெயில். மூன்று மணிக்கு மேல் இடி மட்டும், மழை இல்லை. பஸ்ஸில் ஈப்போ போய் வந்தேன். வேட்டி கசங்காமல் இருக்க வழி முழுவதும் நின்றுகொண்டே.

காரியம் இது. சீனத் தவுக்கே, பெரிய முதலாளி ஒருவர், ஊர் ஓரத்தில் வரிசையாகக் கல்வீடு கட்டியிருக்கிறார். ஒன்றில் மட்டும் சாமான் எல்லாம் போட்டு, வாங்க நினைப்பவர்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறார். மாதிரி வீடு. காசிம் அண்ணே சொல்லித் தெரியும். சிம்பாங் பூலாய் சந்தியில் மளிகைக் கடை அவருக்கு. இந்தப் பக்கம் எது திறந்தாலும், எது மூடினாலும் அவர் காதுக்குத்தான் முதலில் போகும்.

நான் கல்வீடு வாங்கப் போவதில்லை. ரப்பர் தோட்டத்துச் சின்னக் கிராணி, கணக்கு எழுதுபவன். தோட்டம் கொடுத்த பலகை வீடு, தகரக் கூரை. ஆனால் 23ஆம் தேதி, அண்ணே கொண்டுவந்த சம்பந்தத்தில், பெண் வீட்டார் என் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பார்க்க என்ன இருக்கிறது? கட்டில். பாய். புத்தக அலமாரி. அரிக்கன் விளக்கு. எனாமல் மங்குத் தட்டு ஒன்று. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. அந்தக் காய்ச்சல் வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் போனார்கள். இருந்திருந்தாலும் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டைத்தான் சொல்லியிருப்பார்கள். பால்மரம் சீவியவர்களுக்கு வேறு என்ன வீடு தெரியும். நானோ சிறு வயதிலிருந்து மிஷன் ஹாஸ்டல். வீடு என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே எழுதுவதற்கென்ன வெட்கம்.

மாதிரி வீட்டில் பார்த்தது:
பிரம்பு நாற்காலி நாலு, நடுவில் வட்ட மேசை.
ஆளுயரக் கண்ணாடி. (என் வேட்டி கசங்கித்தான் இருந்தது.)
ஜன்னலில் பாதி உயரத்துக்குத் திரை. மேலே காற்று, கீழே மானம். நல்ல யோசனை.
சுவர் இளம்பச்சை.

பிறகு சாப்பாட்டு மேசை. வெள்ளை விரிப்பு. ஆறு பீங்கான் தட்டு, பக்கத்தில் கரண்டி, முள்கரண்டி. கண்ணாடித் தம்ளர் கவிழ்த்து. ஒவ்வொரு தட்டிலும் ஒரு துணி, தாமரை மொட்டுப் போல மடித்தது. சோறு கிடையாது, ஆள் கிடையாது. ஆனால் ஒரு பெரிய குடும்பம் கை கழுவப் போயிருக்கிறது, இதோ வந்துவிடும் என்று இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன். மற்ற அறைகளைச் சரியாகப் பார்க்கவில்லை.

நாற்காலி முதுகில் கை வைத்ததும் சீனக் கணக்குப்பிள்ளை ஓடி வந்தார். "தெங்கோ சாஜா லா, ஜாஙான் டூடோ!" மலாய்ப் பேச்சு: பார்க்க மட்டும்தான், உட்காரக் கூடாதாம். சரி ஐயா.

துணி மடிப்பை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டேன்.


3 மே, திங்கள்

மழை. பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிட்டபோது ஆள் குறைவு. சாயங்காலம் கைக்குட்டையை மொட்டாக மடிக்கப் பார்த்தேன். முட்டைக்கோசு போல வந்தது.

என் முன்னறை ஜன்னல் புகை வீட்டைப் பார்த்திருக்கிறது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வாசனை எனக்குப் பழகிவிட்டது. வருகிறவர்களுக்கு?

அஞ்சலை அக்கா சோறாக்க வந்தாள். அவள் லயத்தில் அம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரி. சுவரையே நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "என்னா கிராணி, சொவத்துல பல்லியா?" என்றாள். பச்சை வர்ணம் அடிக்கலாமா என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றாள். வர்ணம் வேண்டாம்.


9 மே, ஞாயிறு

நல்ல வெயில். ஈப்போ திடலில் கண்காட்சி. கூட்டம், தூசி. காசிம் அண்ணே ஏற்பாடு: "பொண்ணு வீட்டாளுங்களும் வாராங்க. நீ தற்செயலா வந்த மாதிரி நில்லு. பல்லைக் காட்டாத."

முதலில் கண்காட்சி. பூசணிக்காய், வாழைத்தார், கோழிகள். ஒரு கொட்டகையில் ரப்பரால் தரை போட்டிருந்தார்கள், சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக. வெள்ளைக்காரர்கள் அதன்மேல் நடந்து, குதித்துக்கூடப் பார்த்தார்கள். அப்பா அம்மா சீவிய பால் இப்படி யார் வீட்டிலோ தரையாகக் கிடக்கும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது. கொஞ்ச நேரம் என்னவோ போல் இருந்தது. பிறகு, கழித்துப்போட்ட ஷீட்டை என் வீட்டிலும் விரித்தால் என்ன என்று தோன்றியது.

அடுத்த கொட்டகையில் சாமான் கடைக்காரர்கள் போட்ட மாதிரி அறைகள். மூன்று சுவர், நாலாவது பக்கம் கயிறு. 'படிக்கும் அறை' என்று ஒன்று. சுழல் நாற்காலி, பச்சை விளக்கு, கண்ணாடி போடாத அலமாரி நிறைய புத்தகம், தங்க எழுத்து.

அங்கேதான் நின்றார்கள். அம்மா, தாய்மாமா, பெண். பெயர் சௌந்தரம். அப்பா இல்லை, மாமாதான் வளர்த்திருக்கிறார். ரயில்வேயில் பார்சல் ஆபீசில் வேலை. மீசை பெரியது.

அவள் கயிற்றுக்கு மேல் கையை நீட்டி அந்தப் புத்தகங்களைத் தட்டினாள். டொக் டொக்.

"அம்மா, இது புஸ்தகமில்ல. கட்டை. பெயின்ட் அடிச்சிருக்கு."

"தொடாத" என்றார் மாமா.

அவள் சிரித்தாள். அடக்கிக்கொண்டு சிரிப்பது இல்லை, உண்மையான சிரிப்பு. பிறகு என் பக்கம் பார்க்காமல், அம்மாவிடம் மட்டும், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "சில வீட்லயும் இப்படித்தான் இருக்குமாட்டம் இருக்கு" என்றாள்.

நானும் அவள் பக்கம் பார்க்காமல் காசிம் அண்ணேயிடம் சொன்னேன்: "எங்க வீட்ல இருக்கிறது படிக்கிற புஸ்தகம்ணே."

"நான் எப்ப இல்லன்னேன்?" என்றார் அண்ணே. புரியாதவர் போல முகம். கெட்டிக்காரர்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. எழுதிவிட்டேன், இனி அடிக்க மாட்டேன்.


11 மே, செவ்வாய்

அஞ்சலை அக்காவிடம் ரப்பர் தரை யோசனையைச் சொன்னேன். "வெயில் ஏறுனா நாறும். மூக்கைப் பொத்திக்கிட்டா வீடு பாக்க வருவாங்க?" ரப்பர் தரை வேண்டாம்.

ஜன்னல் திரைக்குத் துணி வாங்கினேன். நீலப் பூப்போட்டது. பாதி உயரம்.


15 மே, சனி

சாயங்காலம் ஈப்போவில் சங்கத்து மண்டபத்தில் பேச்சு. 'ஆரோக்கியமான இல்லம்.' பேசியது ஒரு டாக்டர் துரையின் சம்சாரம். மெலிந்த உருவம், பெரிய தொப்பி. தமிழில் சொல்ல ஒரு வாத்தியார்.

துரைசானி நீளமாகப் பேசுவார். வாத்தியார் குட்டையாகச் சொல்வார். சாமான் குறைவாக இருக்கட்டும், தூசி அடையும் பொருள் வேண்டாம், பயன்படாததை வெளியே போடுங்கள் என்று அந்த அம்மாள் நிதானமாக விளக்கியதை வாத்தியார், "வீட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "எங்க லயத்துல ஒண்ணும் இல்லதான் லா, வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். மண்டபமே சிரித்தது. துரைசானியும் என்னவென்று தெரியாமல் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அந்த ஆளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஜன்னல்களை எப்போதும் திறந்து வையுங்கள் என்றார். திரை கூடாதாம். வாங்கிவிட்டேனே அம்மா.


16 மே, ஞாயிறு

ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துத் தூங்கிப் பார்த்தேன். விடியும்போது வீடு முழுக்கப் புகை. தலையணைகூட ரப்பர் ஷீட் மாதிரி மணக்கிறது. துரைசானி வீட்டுப் பக்கத்தில் புகை வீடு இருக்காது.

காசிம் அண்ணே கடையில் ஆலோசனை. 23ஆம் தேதிக்கு அவர் சொன்னது: வாசலில் நின்று கும்பிடு, நடுவில் பேசாதே, சம்பளத்தை நீயாகச் சொல்லாதே. "சாப்பாடு ஒண்ணும் ஆக்கிடாத. பேச்சு முடியாத வீட்ல பொண்ணு வீட்டாளுங்க கை நனைக்க மாட்டாங்க. நனைச்சா சம்மதம்னு அர்த்தம். தண்ணிகூடக் கேட்டாத்தான் குடுக்கணும்."

"எனக்குத் தெரியாதாண்ணே" என்றேன். கேள்விப்பட்டதுதான். ஆக்குவதாகவே இல்லை.

ஆடி பிறக்குமுன் பேச்சு முடியவேண்டும் என்பது பெண்ணின் அம்மா எண்ணமாம். ஆவணியில் கல்யாணம். என்னை வேண்டாம் என்றால் தஞ்சோங் மாலிமில் ஒரு ரயில்வே மாப்பிள்ளை தயாராக இருக்கிறாராம். அதையும் அண்ணேதான் சொன்னார், சீனியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

கடை மேல்தட்டில் வைக்கோலில் சுற்றிய பீங்கான் தட்டுகள். ஆறு இரவல் கேட்டேன். "அலமாரில அடுக்கவா?" "அது மாதிரித்தான்" என்றேன். உடைக்காமல் திருப்பித் தரவேண்டும்.


20 மே, வியாழன்

மழை, மழை. மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் எல்லாம் நனைந்து வந்தது. பெ.கி. (பெரிய கிராணி) என்மேல் எரிந்து விழுந்தார். பிறகு நாற்காலி இரவல் கேட்டதும் குளிர்ந்துபோனார். கல்யாணம் என்றால் எல்லோருக்கும் கை தாராளம்.

சேர்ந்தது:
பிரம்பு நாற்காலி நாலு (பெ.கி. வீடு). ஒன்று ஆடும், அதை மூலையில்.
மேசை: தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் மேசை. அங்கே கட்டுப் போடும் டிரெசர் கொடுத்தார். கழுவியும் டிஞ்சர் வாசனை போகவில்லை. விரிப்பு போட்டால் கறை தெரியாது.
விரிப்பு: என் புது வேட்டி.
தம்ளர் ஆறு, கரண்டி ஆறு: கா. அண்ணே. முள் கிடைக்கவில்லை.
கண்ணாடி: இல்லை. போகட்டும்.


22 மே, சனி

வெயில். எல்லாம் போட்டாயிற்று. தட்டு, தம்ளர், துணி மொட்டு. ஆறாவது மொட்டு அசல் தாமரை. வாசலில் போய் நின்று, வேறு ஆள் போல உள்ளே பார்த்தேன். தோட்டத்து வீடு என்று யார் சொல்வார்கள்! நாற்காலியில் உட்காரவில்லை. விரிப்பு கசங்கும். தரையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அஞ்சலை அக்கா வாசலிலேயே நின்று பார்த்தாள். வாயெல்லாம் பல். "நல்லது கிராணி, ரொம்ப நல்லது. ஒங்கம்மா பாக்கக் குடுத்து வைக்கல" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். திரை அவ்வளவு பிடித்துவிட்டதா?

பசி. ஒரு தட்டையும் எடுக்க மனமில்லை. மங்குத் தட்டில் பழையது.


23 மே, ஞாயிறு

காலையில் தூறல். பத்து மணி சுமாருக்கு வாடகைக் கார். பின்னால் சைக்கிளில் காசிம் அண்ணே.

எண்ணி ஆறு பேர் இறங்கினார்கள். பெண்ணின் அம்மா, மாமா, உறவுக்காரர்கள் நால்வர். பெண் வரவில்லை, வரவும் கூடாது. ஆறு என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தட்டும் ஆறு!

மாமா முதலில் வாசல்படி ஏறினார். குடையை மூலையில் சாத்தினார். மேசையைப் பார்த்தார். அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னா தம்பி இது?"

"சாப்பாட்டு மேசை மாமா."

"அது தெரியுது. யாருக்கு?"

இங்கே வாயை மூடியிருக்கலாம். "உங்களுக்குத்தான்" என்றேன், சிரித்துக்கொண்டு.

"நாங்க இன்னும் ஒரு வார்த்த பேசல. உக்காரவே இல்ல. அதுக்குள்ள பந்தி போட்டாச்சு. என்னா, கையப் புடிச்சி நனைச்சி விட்ருவீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோறு ஆக்காவிட்டால் போதும் என்று இருந்தேனே தவிர, தட்டைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றவே இல்லை. மாதிரி வீட்டில் யாரும் யாரையும் சம்மதம் கேட்பதில்லை.

"இல்ல மாமா, சோறு ஒண்ணும் ஆக்கல. வெறுந்தட்டுதான்."

இது அதைவிட மோசம் என்று வாயை விட்டு வந்தபிறகுதான் தெரிந்தது.

"வெறுந்தட்டா? ஆள எண்ணி வெறுந்தட்டு வச்சி கேலியா பண்றீங்க?"

காசிம் அண்ணே உள்ளே புகுந்தார். "மாமா, மாமா, அது பார்வைக்கு லா. ஈப்போல அந்தத் தவுக்கே வீட்ல இப்படித்தான்..."

"தவுக்கே வீட்ல தவுக்கே திங்கட்டும்."

எல்லோரும் படி இறங்கிவிட்டார்கள். யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. பெண்ணின் அம்மா மட்டும் ஒரு கணம் தயங்கி, அலமாரிப் பக்கம் என்னவோ பார்த்தார். மாமா கூப்பிட்டதும் அவரும் போனார். காரில் ஏறும்போது மாமா சொன்னது காதில் விழுந்தது: "லயத்துல பொறந்தவன் மேச போட்டா இப்படித்தான்."

கார் போன பிறகு மேசை முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆடுகிற நாற்காலி. துணி மொட்டு ஆறும் அப்படியே. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

மாமாவின் குடை மூலையில் இருக்கிறது.


24 மே, திங்கள்

எல்லாம் திருப்பியாயிற்று. நாற்காலி, மேசை. தட்டுகள் உடையாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. அண்ணே தலையில் கை வைத்துக்கொண்டார். "அலமாரில அடுக்கத்தான் கேக்குறேன்னுல்ல நெனச்சேன், பாவி!"

அஞ்சலை அக்கா: "நான் முந்தாநாளே பாத்தேனே. பேச்சு முடிஞ்சு விருந்துன்னுல்ல நெனச்சேன்." அதற்கா அந்தக் கண்ணீர்.

விரிப்பாக இருந்த வேட்டியில் டிஞ்சர் கறை. திரையைக் கழற்றவில்லை. கழற்ற எழுந்திருக்கவே தோன்றவில்லை.


27 மே, வியாழன்

மழை. கடையில் அண்ணே சொன்னது: மாமா இன்னும் ஆறவில்லை. தஞ்சோங் மாலிமுக்குக் கடிதம் போடலாம் என்கிறாராம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெண் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அண்ணேயும் சொல்லவில்லை.

"கொடைய நான் கொண்டு குடுத்துர்றேனே."

வேண்டாம் என்றேன். அந்தக் குடை ஒன்றுதான் அவர்களிடமிருந்து இங்கே இருக்கிறது. கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும்.

லயத்தில் பிறந்தது தப்பா? மூன்றாம் லயம், கடைசி வீடு. அங்கே மேசை இல்லைதான். யாரும் பசியோடு எழுந்து போனதும் இல்லை. அன்றைக்கு இதை அந்த மனிதர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். கோபம் இன்றைக்குத்தான் வருகிறது, நாலு நாள் கழித்து. எனக்கு எல்லாமே தாமதம்.


30 மே, ஞாயிறு

விடியலிலிருந்து கொட்டுகிறது. தகரக் கூரையில் வேறு சத்தமே கேட்கவில்லை. அஞ்சலை அக்கா ஞாயிறு வரமாட்டாள். நானே சோறு, ரசம், கருவாடு வறுவல். கைலியோடு அடுப்படியில் இருந்தேன். யாரோ தட்டுவது போல் இருந்தது. போய்த் திறந்தால் மாமாவும், பெண்ணின் அம்மாவும். ஒரு வாழை இலையைத் தலைக்குமேல் இருவரும் பிடித்துக்கொண்டு.

"கொடைய வச்சிட்டுப் போயிட்டேன்" என்றார் மாமா. மழையைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்து அல்ல.

குடையை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு நின்றார். போகவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்தார். முன்னறை காலி. பாய், அலமாரி, அரிக்கன் விளக்கு, அந்த நீலத் திரை. அவர் அலமாரியிடம் போய் ஒரு புத்தகத்தை இழுத்தார். பிரித்தார். இன்னொன்றை இழுத்துப் பிரித்தார். அதில் நான் பென்சிலால் கோடு போட்டிருந்த பக்கம். அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"நெசந்தான் அண்ணே" என்றார் மாமாவிடம்.

பிறகு என்னிடம்: "புஸ்தகம் நெசமான்னு சௌந்தரம் பாத்துட்டு வரச் சொல்லிச்சி தம்பி. அன்னிக்கு அந்தக் களேபரத்துல விட்டுப்போச்சி. ஒரு வாரமா என்னைப் போட்டு வதைக்குது. பாத்தியா பாத்தியான்னு."

கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"அம்மாப்பா எந்த லயம்?" என்று அந்த அம்மா கேட்டார். ஜன்னல் வழியே காட்டினேன். மழையில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பார்த்தார்.

"என்னா வாசன?"

"ரசங்க. கருவாடும் இருக்கு."

"யாரு வச்சா?"

"நான்தான்."

அம்மா பாயில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, பசிக்குதுல்ல?"

மாமா குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார். கடைசியில் குடையை அதே மூலையில் சாத்தினார். வந்து தங்கையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தட்டு எங்க? அன்னிக்கு ஆறு இருந்திச்சே."

"திருப்பிக் குடுத்துட்டேன் மாமா. வீட்ல ஒண்ணுதான்."

"அப்ப எல போடுங்க" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு. "எல போட்டாத்தானே கை நனைக்கலாம்."

கொல்லை வாழைக்கு ஓடினேன். கத்தியை மறந்துவிட்டு ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடி, தொப்பலாக நனைந்து இரண்டு இலையோடு வந்தேன். சோறு மூவருக்குக் காணாது. நான் முன்னமே சாப்பிட்டேன் என்று சொன்னேன். இருவரும் நம்பவில்லை. அம்மா தன் இலையிலிருந்து பாதியை என் மங்குத் தட்டில் எடுத்து வைத்தார்.

மாமா ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர்கள் கிளம்பும்போது மழை விட்டிருந்தது. குடையை மறுபடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.